அக்னிவீரா சேரலாமா வேணாமா? கிரவுண்டுல எறங்குறதுக்கு முன்னாடி முடிவு பண்ண ஒரு முழு வழிகாட்டி

எங்க ஊர் ஸ்கூல் கிரவுண்டுல ஆர்மிக்கு ஓடுற பசங்களுக்கு காலையில டைம் பாக்குறது, ஃபார்ம் போட்டு குடுக்குறது, பேப்பருக்காக அவங்க கூட தாலுகா ஆபீஸ் அலையறதுன்னு ரொம்ப காலமா பண்ணிட்டு வர்றேன். அக்னிவீர்னா ஆர்மியில நாலு வருஷத்துக்கு மட்டும் சிப்பாயா எடுக்கற திட்டம். அதுக்கு வர்ற பசங்க பெரும்பாலும் ஒரே வரிசையிலதான் போறாங்க. மொதல்ல ஓடுறாங்க, அப்புறம் ஃபார்ம், அப்புறம் பேப்பர், அப்புறம் மெடிக்கல், எல்லாம் தாண்டி ஆர்டர் கைக்கு வந்தப்புறம்தான் "நாலு வருஷம் முடிஞ்சு என்னடா பண்ணுவ"ன்னு வீட்டுல பேச்சே ஆரம்பிக்குது. இந்த வரிசையை திருப்பி போடணும். அஞ்சாவது வருஷத்தை மொதல்ல யோசிங்க, உடம்பு மெடிக்கல்ல நிக்குமான்னு ரெண்டாவது பாருங்க, ஷூ வாங்குறதெல்லாம் அதுக்கப்புறம்தான். கீழ இருக்கறது சிப்பாய் லெவல்ல சேர நெனைக்கிற தமிழ்நாட்டு பசங்களுக்காக எழுதுனது, ஆபீசர் வழியைப் பத்தி முதல் பகுதியில கொஞ்சம் சொல்றேன்.

மொதல்ல கையில என்னென்ன வேணும்

பத்தாவது மார்க்‌ஷீட், பன்னெண்டாவது இருந்தா அதுவும், ஆதார், ஒரு நோட்டு, ஒரு இன்ச் டேப். அப்பா அம்மா ரெண்டு பேரும் உக்காந்து பேச ஒரு சாயந்தரம். இதுக்கு மேல இப்போதைக்கு எதுவும் வாங்க வேணாம், எந்த அகாடமிக்கும் பணம் கட்ட வேணாம், ஏன்னா அடுத்த மூணு நாலு பகுதியிலயே சில பேருக்கு "இது எனக்கு இல்ல"ன்னு தெரிஞ்சிடும், அப்ப கட்டுன ஃபீஸ் திரும்பாது.

1. எந்த வாசல் உங்களுக்குன்னு பிரிச்சுக்கோங்க

"ஆர்மிக்கு போறேன்"னு சொல்றது மட்டும் முடிவு ஆகாது. உள்ள போக பல வாசல் இருக்கு, ஒவ்வொண்ணோட சம்பளமும் காலமும் வேற வேற.

பத்தாவதுல மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்துலயும் 33 இருந்தா அக்னிவீர் ஜெனரல் டியூட்டி, நம்ம பசங்க ஜிடின்னு சொல்றது. பன்னெண்டாவதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், இங்கிலீஷோட மொத்தம் 50, பாடத்துக்கு 40 இருந்தா டெக்னிக்கல். பத்தாவது முடிச்சு ஐடிஐ, டிப்ளமோ பண்ணவங்களுக்கும் டெக்னிக்கல்ல வழி இருக்கு. பன்னெண்டாவதுல 60 சதவீதம், பாடத்துக்கு 50 இருந்தா கிளர்க், ஸ்டோர் கீப்பர். எட்டாவதோட நின்னவங்களுக்கும் டிரேட்ஸ்மேன்ல ஒரு சில வேலை உண்டு. பொண்ணுங்களுக்கு மிலிட்டரி போலீஸ்ல ஜிடி இருக்கு, பயிற்சி பெங்களூர்ல.

இங்க அடிக்கடி நடக்குற தப்பு என்னன்னா, பன்னெண்டாவதுல நல்ல மார்க் வச்சிருக்கற பையன் கூட கூட்டாளிங்க எல்லாம் ஜிடி போடுறாங்கன்னு அவனும் ஜிடி மட்டும் போடுறான். 2025 அறிவிப்புல ரெண்டு பிரிவுக்கு விண்ணப்பிக்க விட்டாங்க, அப்படி வாய்ப்பு இருந்தா தகுதி உள்ள ரெண்டையும் போடுங்க. வெளிய வந்தப்புறம் ஸ்டோர் வேலை, எலக்ட்ரிக்கல், வண்டி மெக்கானிக்னு சொல்லிக்க ஒரு தொழில் அனுபவம் கையில இருக்கறது பெரிய விஷயம்.

இன்னொண்ணு, படிக்கிற பையனா இருந்து வயசும் இருந்தா ஆபீசர் வாசலை ஒரு தடவையாவது பாத்துட்டு வாங்க. பன்னெண்டாவது படிக்கும்போதே என்டிஏங்கற ஆபீசர் பயிற்சிக்கான தேர்வு எழுதலாம், மத்திய தேர்வாணையமான யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. டிகிரி முடிச்சா அதே மாதிரி சிடிஎஸ் தேர்வு. சென்னை பரங்கிமலையில இருக்கற ஆபீசர் பயிற்சி அகாடமியான ஓடிஏவுக்கு சிடிஎஸ் எழுதுறவங்களுக்கு மேத்ஸ் பேப்பரே கிடையாது, ஆர்ட்ஸ் படிச்ச நம்ம பசங்க பல பேருக்கு இந்த விஷயமே தெரியல. எழுத்துத் தேர்வு முடிஞ்சு எஸ்எஸ்பிங்கற அஞ்சு நாள் ஆபீசர் தேர்வு இன்டர்வியூ இருக்கு, கஷ்டம்தான், ஆனா பயிற்சியிலயே மாசம் 56,100 ஸ்டைப்பெண்ட். சிப்பாயா உள்ள போயிட்டு அங்க இருந்து ஆபீசராகிடலாம்னு நெனைச்சு போகாதீங்க, அக்னிவீரோட நாலு வருஷத்துக்குள்ள அதுக்கு நேரம் ஒதுக்கி படிக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

2. உடம்பை வீட்டுலயே ஒரு தடவை சோதிங்க

இதை ரெண்டாவதா வைக்கக் காரணம் இருக்கு. வருஷக்கணக்கா ஓடி, எக்ஸாம் பாஸ் பண்ணி, ராலியில, அதாவது மைதானத்துல நடக்கற உடல் தேர்வுல, எல்லாத்துலயும் நின்னு, கடைசியில மெடிக்கல்ல பிளாட் ஃபுட்னு சொல்லி அனுப்பிட்டா அந்தப் பையன் முகத்தைப் பாக்க முடியாது. அது மொதல் நாளே அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

உயரம்: தமிழ்நாட்டு பசங்களுக்கு ஜிடிக்கு 166 செ.மீ. வேணும். கிளர்க்குக்கு 162. பொண்ணுங்களுக்கு 162. சுவத்துல குதிகால், பின்பக்கம், தலை மூணும் ஒட்டி நின்னு, தலை மேல ஒரு ஸ்கேலை மட்டமா வச்சு பென்சில்ல கோடு போட்டு அளங்க. காலையில எழுந்த உடனே அளந்தா ஒரு சென்டிமீட்டர் கூட காட்டும், அதனால சாயந்தரம் அளங்க, அதுலயும் நின்னாதான் நம்பலாம். மூச்சை இழுத்தா மார்பு 5 செ.மீ. விரியணும், இது பயிற்சியில வரும்.

பாதம்: காலை தண்ணியில நனைச்சு சிமெண்ட் தரையில வச்சு எடுங்க. உள்பக்கம் வளைவு தெரியணும். பாதம் முழுசா அப்படியே பதிஞ்சா ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு மேல யோசிங்க.

முட்டி: நேரா நின்னு ரெண்டு முட்டியும் ஒட்டுறப்ப கணுக்கால் ரெண்டும் நல்லா விலகி நின்னா நாக் நீ. லேசா இருந்தா சில பேருக்கு எக்சர்சைஸ்ல தேறும், நெறைய இருந்தா தேறாது.

அப்புறம் கண்ணு. பவர் மட்டும் இல்ல, கலர் விஷனும் பாப்பாங்க, புள்ளி புள்ளியா இருக்கற படத்துல நம்பர் சொல்லச் சொல்றது. கலர் குறைபாடு இருக்கறது பல பேருக்கு அன்னிக்குதான் தெரிய வருது. எந்த கண் ஆஸ்பத்திரியிலயும் இதை பாத்து சொல்லிடுவாங்க.

மத்ததுல எதுல அதிகமா அடிபடுறாங்கன்னா, காதுல அழுக்கு, காது சவ்வுல ஓட்டை, மூக்குத் தண்டு வளைவு, சொத்தைப் பல்லு, கால்ல நரம்பு சுருண்டு தெரியறது, விதைப்பையில நரம்பு வீக்கம், மூலம், உள்ளங்கை ரொம்ப வேர்க்கறது, கையை நீட்டுனா முழங்கை ரொம்ப வெளிப்பக்கம் போறது. இதுல பாதி, முன்கூட்டியே டாக்டரைப் பாத்தா சரி பண்ணிக்கக் கூடியது. காது அழுக்கை இஎன்டி டாக்டர்கிட்டதான் எடுக்கணும், பட்ஸ் போட்டு நோண்டி காதை புண்ணாக்கிட்டு வந்து நிக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படுறதா இருந்தா உடனே பண்ணிக்கோங்க, ஏன்னா ஆற காலம் வேணும், ராலிக்கு முந்தின மாசம் பண்ணா தழும்பே ஆறியிருக்காது.

பச்சை குத்துறது பத்தி ஒரு வார்த்தை. முழங்கைக்குக் கீழ உள்பக்கமும் புறங்கையும்தான் பொதுவா ஒத்துக்கறாங்க. நெஞ்சுல, கழுத்துல, தோள்ல குத்தியிருந்தா மெடிக்கல்ல தள்ளிடுவாங்க. ஆர்மி ஆசை இருக்கற பையன் டாட்டூ கடை பக்கமே போக வேணாம்.

3. சம்பளத்தை நோட்டுல எழுதிப் பாருங்க

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ்ல "மாசம் 40 ஆயிரம், முடிஞ்சா 11 லட்சம்"னு ஓடிட்டு இருக்கு. கணக்கு அவ்வளவு நேரா இல்ல. 2022 ஜூன்ல திட்டத்தை அறிவிச்சப்ப சொன்ன தொகை இதுதான்:

முதல் வருஷம் மாசம் 30,000. அதுல 30 சதவீதம், அதாவது 9,000 சேவா நிதிங்கற சேமிப்புக்குப் போயிடும், கையில வர்றது 21,000. ரெண்டாவது வருஷம் 33,000ல கையில 23,100. மூணாவது வருஷம் 36,500ல கையில 25,500 சொச்சம். நாலாவது வருஷம் 40,000ல கையில 28,000. நாலு வருஷத்துல உங்க பங்கு 5.02 லட்சம் சேரும், அதே அளவு அரசு போடும், ஆக 10.04 லட்சமும் வட்டியும் வெளிய வர்றப்ப கிடைக்கும், அதுக்கு வருமான வரி கிடையாது. கையில வந்த சம்பளத்தை மட்டும் தனியா கூட்டுனா நாலு வருஷத்துக்கு 11.7 லட்சம் வரும்.

சாப்பாடு, தங்குறது, மருத்துவம் உள்ள இருக்கற வரைக்கும் ஃப்ரீ. கஷ்டமான இடத்துல போஸ்டிங் போட்டா அதுக்கான அலவன்ஸ் தனி. ஆனா டிஏ, அதாவது அகவிலைப்படி கிடையாது, ரெகுலர் சிப்பாய்க்கு வர்ற மிலிட்டரி சர்வீஸ் பே கிடையாது. முடிஞ்சு வந்தா பென்ஷன் இல்ல, கிராஜுவிட்டி இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்தும் இல்ல. தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிடைச்ச கேன்டீன் கார்டு, பென்ஷன் எல்லாம் நமக்கும் வரும்னு நெனைச்சுக்கிட்டு அனுப்புற வீடு இன்னும் நெறைய இருக்கு, அவங்க போனது வேற திட்டம்.

இதை நோட்டுல எழுதும்போது மூணு கோடு போடுங்க: வீட்டுக்கு மாசம் எவ்வளவு அனுப்பணும், நம்ம செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மாசம் 15,000 அனுப்புனாலே நாலு வருஷத்துல 7.2 லட்சம். தலையில கடன் இருக்கற வீட்டுக்கு இது பெரிய தெம்பு. ஆனா ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க, பத்து லட்சம் வரப்போகுதுன்னு சொல்லி முன்கூட்டியே வட்டிக்கு வாங்கி வீடு கட்டறது, அக்கா கல்யாணம் முடிக்கறது வேணாம். பையன் வெளிய வர்ற அன்னிக்கு அந்தப் பணம்தான் அவனுக்கு இருக்கற ஒரே ஆதாரம், அது வட்டிக்காரன்கிட்ட போயிட்டா அவன் வெறுங்கையோட இருபத்தி ரெண்டு வயசுல நிப்பான்.

சொந்த விருப்பத்துல நடுவுல விட்டுட்டு வர்றது பொதுவா முடியாது. ரொம்ப விதிவிலக்கா விட்டாலும் நீங்க போட்ட பங்கும் அதோட வட்டியும்தான் வரும், அரசு போட்ட பங்கு வராது. அதனால "புடிக்கலன்னா ஒரு வருஷத்துல வந்துடறேன்"ங்கற நெனப்போட கையெழுத்து போடாதீங்க.

இன்சூரன்ஸ் விவரமும் வீட்டுக்குத் தெரியணும். பிரீமியம் எதுவும் கட்டாமலே 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு, பணி காரணமா உயிர் போனா அதுக்கு மேல 44 லட்சம். பணியில உடல் ஊனமானா அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். இதைப் பேச யாருக்கும் மனசு வராது, ஆனாலும் பெத்தவங்க முன்னாடி படிச்சுக் காட்டணும், ஏன்னா அனுப்பி வைக்கிறவங்களுக்கு எதுக்கு அனுப்பறோம்னு தெரிஞ்சிருக்கணும்.

4. அஞ்சாவது வருஷத்தை இப்பவே எழுதுங்க

நாலு வருஷம் முடிஞ்சதும் நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் ரெகுலரா எடுப்பாங்க. "வரைக்கும்"ங்கற வார்த்தையை கவனிங்க, அது உச்ச வரம்பு. எடுத்தா இன்னும் குறைஞ்சது 15 வருஷ சர்வீஸ். ஆனா நீங்க திட்டம் போடும்போது மிச்ச 75ல நாம இருக்கோம்னு வச்சுத்தான் போடணும், ரெகுலர் கிடைச்சா சந்தோஷம். ஆர்மியில முதல் பேட்ச் 2023 ஜனவரி தொடக்கத்துலதான் பயிற்சிக்குள்ள போனாங்க, அவங்க நாலு வருஷம் 2026 கடைசியோட முடியுது, அதனால "எங்க அண்ணன் முடிச்சிட்டு வந்து இப்ப இந்த வேலையில இருக்கார்"னு காட்ட நம்ம ஊர்ல ஆள் கிடைக்கறது கஷ்டம்.

நோட்டுல ஒரு பக்கத்துல உங்க பேரும், வெளிய வர்றப்ப உங்க வயசும் எழுதுங்க. 18ல போனா 22. 21ல போனா 25. இந்த மூணு வருஷ வித்தியாசம் சின்னது மாதிரி தெரியும், ஆனா அடுத்த வேலைக்கான வயசு வரம்பு அங்கதான் இடிக்கும். மத்திய ஆயுதப்படைகள்ல கான்ஸ்டபிள் வேலைக்கு முன்னாள் அக்னிவீருக்கு 10 சதவீத ஒதுக்கீடும் 3 வருஷ வயசு தளர்வும்னு 2022லயே அறிவிச்சாங்க, முதல் பேட்சுக்கு மட்டும் தளர்வு 5 வருஷம். ஒதுக்கீடுன்னா வேலை நிச்சயம்னு அர்த்தம் இல்ல, அதுக்குள்ளயும் போட்டி இருக்கு.

படிப்பை உள்ள இருந்தே நகர்த்தணும். பத்தாவதோட போனவங்களுக்கு என்ஐஓஎஸ்ங்கற மத்திய அரசு திறந்தநிலைப் பள்ளி மூலமா பன்னெண்டாவது சர்ட்டிஃபிகேட் வாங்க ஏற்பாடு இருக்கு. இக்னோங்கற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல அக்னிவீருக்குன்னே ஒரு டிகிரி வச்சிருக்காங்க, அதுல பாதி கிரெடிட் பயிற்சிக்கும் வேலைக்குமே கிடைக்கும், மீதியை படிச்சு எழுதணும். இது தானா நடக்காது, யூனிட்ல கேட்டு பதிவு பண்ணணும், அசைன்மென்ட் போடணும். ரெண்டாவது வருஷத்துல ஆரம்பிக்காதவன் நாலு வருஷத்துக்குள்ள முடிக்கறது சிரமம்.

இந்தப் பக்கத்துல கடைசியா மூணு வரி எழுதணும்: வெளிய வந்த உடனே எந்த எக்ஸாம் எழுதுவேன், அது கிடைக்கலன்னா எந்தத் தொழில், சேவா நிதியில எவ்வளவு தொடாம வைப்பேன். இந்த மூணு வரியை எழுத முடியாத பையன்கிட்ட "இன்னும் கொஞ்சம் யோசிச்சிட்டு வா தம்பி"ன்னுதான் நான் சொல்றது. ஓட்டத்தை எப்ப வேணா ஆரம்பிச்சுக்கலாம்.

5. பக்கத்துல இருக்கற வாசலோட ஒப்பிட்டுப் பாருங்க

இதே உடம்பை வச்சு, இதே பத்தாவது மார்க்கை வச்சு இன்னும் ரெண்டு இடத்துக்குப் போகலாம்.

ஒண்ணு எஸ்எஸ்சி ஜிடி, அதாவது பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் கான்ஸ்டபிள். இது நிரந்தர வேலை, 60 வயசு வரைக்கும். அடிப்படைச் சம்பளம் 21,700ல ஆரம்பிக்கும், அதுக்கு மேல டிஏ. 2024ல இருந்து தேர்வை தமிழ்லயும் எழுதலாம். ஆனா உயரம் பொதுவா 170 செ.மீ., ஓட்டம் 24 நிமிஷத்துல 5 கிலோமீட்டர். இன்னொண்ணு நம்ம தமிழ்நாடு போலீஸ் ரெண்டாம் நிலைக் காவலர். அங்க சம்பளம் 18,200ல ஆரம்பம், 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், ஊர் பக்கத்துலயே இருக்கலாம்.

என் கருத்தை நேரா சொல்லிடறேன். 170 செ.மீ.க்கு மேல இருந்து, வீட்டுப் பொறுப்பு முழுக்க உங்க தலையில இருந்தா, எஸ்எஸ்சி ஜிடியும் போலீஸும் முதல்ல, அக்னிவீர் கூடவே. 166ல இருந்து 170க்குள்ள இருந்து, வயசு 18, 19ன்னு இருந்து, பட்டாளம்தான் வேணும்னு உள்ளுக்குள்ள இருந்தா அக்னிவீர் நல்ல முடிவு, பணமும் கட்டுப்பாடும் சின்ன வயசுலயே கைக்கு வரும். 20 தாண்டி, டிகிரி பாதியில நிக்குதுன்னா டிகிரியை முடிங்க. அதைப் பாதியில விட்டுட்டு போறதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வெளிய வந்தப்புறம் விட்ட எடத்துல இருந்து திரும்பப் படிக்கறவங்க ரொம்பக் குறைவு.

6. வீட்டுல பேச வேண்டியதைப் பேசிடுங்க

நாலு வருஷம் கல்யாணம் பண்ணக்கூடாது. அத்தை பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி வச்சிருக்கற வீட்டுல இது பெரிய சிக்கலா வெடிக்கும், அதனால முன்னாடியே சொல்லிடணும்.

வருஷத்துக்கு லீவு 30 நாள். காஷ்மீர்லயோ வடகிழக்குலயோ இருந்து ஊருக்கு வர்றதும் போறதுமே அதுல எத்தனையோ நாளை எடுத்துக்கும். பொங்கலுக்கு வருவான், மாரியம்மன் திருவிழாவுக்கு வருவான்னு எதிர்பாக்க வைக்காதீங்க.

எங்க அனுப்புவாங்கங்கறதையும் தெளிவா சொல்லுங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் நீலகிரி வெலிங்டன்ல இருக்கு, இன்ஜினியர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸ் பெங்களூர்ல இருக்கு, ஆனா உங்களுக்கு நாசிக்கும் வரலாம் ஜபல்பூரும் வரலாம், நம்ம கையில இல்ல. கமாண்டு எல்லாம் இந்தியிலதான். சாவ்தான், விஷ்ராம், தஹினே முட், பாயே முட்னு கூப்பிடறது புரியாம முதல் வாரம் பக்கத்துல நிக்கறவனைப் பாத்துப் பாத்துத் திரும்பறதுலயே பல பேர் திட்டு வாங்குறாங்க. சாப்பாடு, தண்ணி, காய்ச்சல், வலி, நேரம், எண்கள் ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும், இவ்வளவு இந்தி போறதுக்கு முன்னாடி வாயில வரட்டும்.

ஊர்ல ரிட்டயர்டு ஆனவங்க இருந்தா போய் பேசுங்க. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கற ஊர்னா இன்னும் நல்லது. ஆனா அவங்ககிட்ட பென்ஷன் பத்தி கேக்காதீங்க, பயிற்சி எப்படி, குளிர் எப்படி, தனிமையை எப்படி சமாளிச்சாங்கன்னு கேளுங்க. அதெல்லாம் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு.

7. பேப்பர்: ஃபார்முக்கு முன்னாடியே

பத்தாவது மார்க்‌ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே ஆதார்லயும் பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு, அம்மா பேரு இருக்கணும். நம்ம பசங்க கவுத்துக்கறது இனிஷியல்ல. மார்க்‌ஷீட்ல "கார்த்திக் எம்"னு இருக்கும், ஆதார்ல "எம் கார்த்திக்"னு இருக்கும், பேங்க்ல "கார்த்திக் முருகேசன்"னு இருக்கும். அம்மா பேரு ஒண்ணுல செல்வின்னும் இன்னொண்ணுல தமிழ்ச்செல்வின்னும் இருக்கும். ராலியில இருக்கறவங்களுக்கு நம்ம ஊர் இனிஷியல் வழக்கம் புரியணும்னு அவசியம் இல்ல, அவங்களுக்கு இது மூணும் மூணு ஆளு. மார்க்‌ஷீட்டை மாத்தறது பெரிய வேலை, ஆதாரை மாத்தறது லேசு, அதனால மத்த எல்லாத்தையும் மார்க்‌ஷீட்டுக்கு ஏத்த மாதிரி கொண்டு வாங்க. ஆதார்ல உங்க மொபைல் நம்பரே இருக்கட்டும், ஓடிபி அதுக்குத்தான் வரும்.

இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, திருமணம் ஆகாதவர்ங்கற சான்று இதெல்லாம் இ-சேவையில போடலாம். இதுல திருமணமாகாத சான்றும் நன்னடத்தைச் சான்றும் ஆறு மாசத்துக்குள்ள வாங்குனதா இருக்கணும், அதனால ரொம்ப சீக்கிரம் வாங்கி வச்சா திரும்ப வாங்க வேண்டி வரும். மத்ததை இப்பவே வாங்கிடுங்க, ஏன்னா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போய் வர்றதுக்கு நாள் ஆகும், நடுவுல எலக்‌ஷன் வேலை வந்தா இன்னும் இழுக்கும்.

என்சிசி சர்ட்டிஃபிகேட், விளையாட்டு சர்ட்டிஃபிகேட், அப்பா பட்டாளத்துல இருந்தா உறவுமுறைச் சான்று இதுக்கெல்லாம் போனஸ் மார்க் உண்டு. கட்டாஃப் பக்கத்துல நிக்கற பையனுக்கு இந்த கொஞ்ச மார்க்தான் உள்ள தள்ளும், அலமாரியில தூங்க விடாதீங்க.

8. ஃபார்மும் எக்ஸாமும்

அறிவிப்பு சமீப வருஷங்கள்ல பிப்ரவரி, மார்ச்ல வந்திருக்கு. ஜாயின் இந்தியன் ஆர்மிங்கற அரசு சைட்ல மட்டும்தான் பதிவு. கட்டணம் 250 ரூபாய். தமிழ்நாட்டுக்கு சென்னை, கோயம்புத்தூர், திருச்சின்னு மூணு ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கு, உங்க மாவட்டம் எதுக்குக் கீழ வருதுன்னு அறிவிப்புல பாத்துக்கோங்க. வயசு விஷயத்துல "எனக்கு 21தான் ஆகுது"ன்னு வாய்க்கணக்கு போடாதீங்க, அந்த வருஷ அறிவிப்புல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதிக்குள்ள பிறந்திருக்கணும்னு போட்டிருப்பாங்க, ஒரு நாள் தள்ளினாலும் கிடையாது.

2023ல இருந்து எழுத்துத் தேர்வுதான் முதல்ல, ராலி அதுக்கப்புறம். இதை இன்னும் மனசுல ஏத்திக்காம கிரவுண்டை மட்டும் நம்பி இருக்கறவங்கதான் அதிகம். ஓட்டத்துல எங்களோட முதல் ஆளா வர்ற பையன் எக்ஸாம்ல ஃபெயில் ஆயிட்டா ராலி மைதானத்தையே பாக்க முடியாது. ஜிடிக்கு ஒரு மணி நேரத்துல 50 கேள்வி: பொது அறிவு, அறிவியல், கணக்கு, ரீசனிங். 2025ல இருந்து தமிழ்லயும் எழுதலாம். தப்பான பதிலுக்கு கால் பங்கு மார்க் போகும், அதனால தெரியாததை விட்டுட்டு வரப் பழகணும். ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் நம்ம சமச்சீர் அறிவியல், கணக்கு புத்தகத்தை ஒழுங்கா முடிச்சாலே பெரும்பகுதி வந்துடும். தேர்வு கம்ப்யூட்டர்ல நடக்கும், மவுஸ் பிடிச்சுப் பழக்கம் இல்லாதவங்க பக்கத்து சென்டர்ல நாலு மாதிரித் தேர்வு எழுதிப் பாத்துட்டு போங்க.

9. ஓட்டம்

1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடிச்சா 60 மார்க். 5:45க்குள்ள 48. 2025ல இருந்து 6:00 வரைக்கும், 6:15 வரைக்கும் வர்றவங்களையும் எடுக்கறாங்க, ஆனா மார்க் 36, 24ன்னு இறங்கிடும். பீம்ல, அதாவது கம்பியில தொங்கி உடம்பை மேல இழுக்கறதுல, 10 இழுத்தா 40, 6 இழுத்தா 16தான். ஒன்பது அடி பள்ளம் தாண்டறதும் வளைஞ்ச கட்டையில நடக்கறதும் பாஸ் பண்ணா போதும். பொண்ணுங்களுக்கு 1.6 கிலோமீட்டர் 7:30க்குள்ள முதல் குரூப், 8:00க்குள்ள ரெண்டாவது, அதோட 10 அடி நீளம் தாண்டறது, 3 அடி உயரம் தாண்டறது.

400 மீட்டர் கிரவுண்டுன்னா நாலு ரவுண்டு, 5:30க்கு ஒரு ரவுண்டு 82 செகண்டு. புதுசா வர்ற பசங்க எல்லாரும் முதல் ரவுண்டை 70ல ஓடிட்டு மூணாவது ரவுண்டுல வயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. முதல் ரெண்டு ரவுண்டை 82, 83லயே கட்டுப்படுத்தி ஓடறதுதான் பழகறதுலயே கஷ்டமான பாடம், ஏன்னா மத்தவன் முந்தறப்ப கால் சும்மா இருக்காது.

முதல் மாசம் ஸ்டாப்வாட்ச் வேணாம், மெதுவா நீளமா ஓடுங்க. வாரத்துல ரெண்டு நாள்தான் வேகம். ஒரு நாள் முழு ஓய்வு. தார் ரோட்ல ஓடாதீங்க, முன்கால் எலும்பு வலி அங்கதான் ஆரம்பிக்கும், மண் தரையா பாருங்க. பீமை கடைசியில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, கை பலம் வர்றதுக்கு ஓட்டத்தை விட அதிக நாள் ஆகும், தொங்குறதுல ஆரம்பிச்சு தினமும் கொஞ்சம். யாராவது ஊசி, மாத்திரை குடுத்து ஸ்டாமினா வரும்னு சொன்னா அந்த ஆள் பக்கமே போகாதீங்க, கண்டுபுடிச்சா தகுதி நீக்கம், உடம்புக்கும் கேடு.

10. ராலி நாளும் மெடிக்கலும்

அட்மிட் கார்டுல போட்டிருக்கற நேரம் நடுராத்திரியா கூட இருக்கும், அதனால முந்தின நாளே ஊருக்குப் போயிடுங்க. எல்லா ஒரிஜினலும், ஜெராக்ஸ் செட்டும், போட்டோவும் ஒரே ஃபைல்ல வரிசையா இருக்கட்டும். போட்டோ வெள்ளை பேக்கிரவுண்டுல, ஷேவ் பண்ணி, சமீபத்துல எடுத்தது. பட்டாள வாழ்க்கைக்கு ஒத்துப்போவானான்னு பாக்க இப்ப அடாப்டபிலிட்டி டெஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுக்கு சார்ஜும் டேட்டாவும் உள்ள போன் கொண்டு வரச் சொல்லியிருந்தா பட்டன் போனோட போய் நிக்காதீங்க. பிரியாணி, பரோட்டா ரெண்டு நாளைக்கு வேணாம், வாழைப்பழமும் இட்லியும் போதும். ஓட்டம் முடிஞ்ச உடனே உக்காராம நடங்க, அடுத்தது பீம்.

மெடிக்கல்ல அன்ஃபிட்னு சொன்னா அங்கயே உடைஞ்சு போய் கிளம்பி வந்துடறாங்க. என்ன காரணம்னு எழுதிக் குடுப்பாங்க, மறுபரிசோதனைக்கு எந்த மிலிட்டரி ஆஸ்பத்திரி, எந்தத் தேதிக்குள்ளன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க. காது அழுக்கு, பல்லு, சின்ன தோல் பிரச்சனை மாதிரி காரணம்னா சரி பண்ணிட்டு அங்க போய் ஃபிட் ஆகறவங்க உண்டு. தேதி தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

11. "ஆள் இருக்கு"ன்னு வர்றவங்க

ராலி நடக்கற ஊர்ல டீக்கடையில, லாட்ஜ்ல, வாட்ஸ்அப் குரூப்ல இவங்க இருப்பாங்க. மூணு லட்சம் குடு, மெடிக்கல் நான் பாத்துக்கறேன்னு சொல்லி ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் வாங்கி வச்சுக்குவாங்க. அவங்க வேலை ரொம்ப சுலபம், பத்து பேர்கிட்ட வாங்குவாங்க, ரெண்டு பேர் சொந்த முயற்சியில பாஸ் ஆவாங்க, அது என்னாலதான்னு சொல்லிட்டு மத்தவங்களை இழுத்தடிப்பாங்க. ஆள்சேர்ப்புக்கு அந்த 250 ரூபாயைத் தவிர வேற காசு கிடையாது. ஒரிஜினல் உங்க கையை விட்டு எந்தத் தனி ஆள்கிட்டயும் போகக்கூடாது, அம்மா நகையை அடகு வைக்கக் கிளம்புற வீட்டுக்கு நானே நேர்ல போய் தடுத்துப் பேசியிருக்கேன்.

12. ஆர்டர் வந்தப்புறம்

தேர்வானவங்க லிஸ்ட் வந்ததும் எந்தத் தேதியில எந்த சென்டருக்குன்னு கூப்பிடுவாங்க. அந்தத் தேதிக்குப் போகலன்னா இடம் போயிடும், அம்மை போட்டாலும் சரி வீட்டுல துக்கம் ஆனாலும் சரி, உடனே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்க பேர்ல மட்டும் இருக்கற சேமிப்புக் கணக்கு, பான் கார்டு ரெண்டும் தயாரா இருக்கணும், ஜாயின்ட் அக்கவுன்ட் வேணாம். வண்டி லோன், செல்போன் இஎம்ஐ ஏதாவது ஓடிட்டு இருந்தா அதை வீட்டுல யார் கட்டுறதுன்னு தீர்த்துட்டு போங்க, பயிற்சியில போன் கையில இருக்கற நேரம் ரொம்பக் கம்மி. பாலிடெக்னிக்கோ காலேஜோ பாதியில நின்னிருந்தா டிசியும் மார்க்‌ஷீட்டும் வாங்கி வீட்டுல வச்சிடுங்க, அப்புறம் இக்னோவுக்கு அது தேவைப்படும். சென்டர்ல நாமினி ஃபார்ம் குடுப்பாங்க, அதுல அப்பா அம்மா பேரை அவங்க ஆதார்ல இருக்கற ஸ்பெல்லிங்லயே எழுதணும், அதனால ரெண்டு பேர் ஆதார் ஜெராக்ஸும் பேங்க் பாஸ்புக் முதல் பக்கமும் பெட்டியில மேலாகவே வச்சுக்கோங்க.